கம்பியில்லாச் சென்சார்களின் பேட்டரி எங்கே கரைகிறது?

பெட்டியின் மேல் "10 ஆண்டு பேட்டரி ஆயுள்" என்று அச்சிட்ட கம்பியில்லா நீர்மீட்டர்கள் விற்பனைக்கு வருகின்றன. ஏறக்குறைய அதே கொள்ளளவுள்ள பேட்டரியை ஈஎஸ்பி32 என்ற மலிவான சிறு கணினிப் பலகையில் மாட்டி, தோட்டத்து மண் ஈரத்தை அளக்க வைத்தால் மூன்று வாரத்தில் அணைந்துபோகிறது. இரண்டிலும் சென்சார் இருக்கிறது, ரேடியோ இருக்கிறது, அனுப்பும் தகவலும் சில பைட்டுகளே. பிறகு எப்படி நூறு மடங்குக்கும் மேலான வித்தியாசம்?

பேட்டரியின் தரம்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். அனுப்பும் தகவலைக் குறைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. சென்சார் அளக்கும்போதோ ரேடியோ அனுப்பும்போதோ செலவாகும் மின்சாரம் சொற்பம். எந்த வேலையும் நடக்காத மீதி நேரத்தில்தான் பேட்டரியின் பெரும்பகுதி தீர்கிறது. அந்த வெற்று நேரத்தை மலிவாக்குவதற்குத்தான் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் இத்துறை பெரிதும் உழைத்திருக்கிறது.

## முதலில் சில சொற்கள்

1. கணு: சென்சார், சிறிய கணினியான மைக்ரோகன்ட்ரோலர், ரேடியோ, பேட்டரி ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு பெட்டி. வயலில், பாலத்தில், மலைச்சரிவில் இத்தகைய கணுக்கள் பல சேர்ந்ததே வலையமைப்பு.
2. கேட்வே: கணுக்கள் அனுப்புவதையெல்லாம் வாங்கி இணையத்துக்குக் கடத்தும் கருவி. பெரும்பாலும் மின்இணைப்பிலோ பெரிய சூரியத் தகட்டிலோ ஓடும்.
3. பாக்கெட்: ஒரே மூச்சில் அனுப்பப்படும் தகவல் துண்டு. இத்துறையில் பரவலாகப் புழங்கும் ஐஇஇஇ 802.15.4 தரத்தில் இதன் உச்ச அளவு 127 பைட்.
4. விழிப்பு விகிதம்: மொத்த நேரத்தில் ரேடியோ எத்தனை விழுக்காடு இயங்கிக்கொண்டிருக்கிறது என்பது. இந்தக் கட்டுரையின் முக்கியமான எண் இதுதான்.
5. மில்லி ஆம்பியர்-மணி: பேட்டரியின் கொள்ளளவு. 2500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியிலிருந்து 1 மில்லி ஆம்பியர் எடுத்தால் 2500 மணி நேரம் ஓடும் என்பது தோராயக் கணக்கு.

## ஒரு தீவில் போட்ட கணக்கு

அமெரிக்காவின் மெய்ன் மாநிலக் கடற்கரைக்கு அப்பால் கிரேட் டக் என்றொரு தீவு இருக்கிறது. லீச் ஸ்டார்ம் பெட்ரல் என்ற கடற்பறவை அங்கே மண்ணில் வளை தோண்டிக் கூடு வைக்கும். ஆட்கள் அடிக்கடி போனால் கூட்டைக் கைவிட்டுவிடக்கூடும் என்பதால், 2002இல் பெர்க்லி பல்கலைக்கழக, இன்டெல் ஆய்வாளர்கள் வளைகளுக்குள் சிறு கணுக்களை வைத்துக் கண்காணித்தார்கள். கம்பியில்லாச் சென்சார் வலை ஆய்வகத்தை விட்டு வெளியே வந்த முதல் பெரிய முயற்சிகளில் ஒன்று இது.

இரண்டு ஏஏ பேட்டரிகள், அதாவது சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் அதே அளவு பேட்டரிகள். ஒன்பது மாதம் தாங்க வேண்டும். நடுவில் யாரும் போய் மாற்ற முடியாது. பேட்டரியிலிருந்து 2200 மில்லி ஆம்பியர்-மணி கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு அதை நாட்களால் வகுத்தார்கள்: ஒரு நாளைக்குச் செலவழிக்கக்கூடியது 8.148 மில்லி ஆம்பியர்-மணி. சராசரியாகப் பார்த்தால் ஒரு மில்லி ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கு.

அடுத்து ஒவ்வொரு வேலைக்கும் விலை குறித்தார்கள். கீழே உள்ளவை நானோ ஆம்பியர்-மணியில். பத்து லட்சம் நானோ சேர்ந்தால் ஒரு மில்லி.

1. ஒரு பாக்கெட் அனுப்ப: 20
2. ஒரு பாக்கெட் பெற: 8
3. ரேடியோவை ஒரு மில்லிநொடி திறந்து வைத்துக் கேட்க: 1.25
4. ஃப்ளாஷ் நினைவகத்தில் ஒருமுறை எழுத அல்லது அழிக்க: சுமார் 83

மூன்றாவது வரி அற்பமாகத் தெரியும். ஆனால் பதினாறு மில்லிநொடி சும்மா கேட்டால் ஒரு பாக்கெட் அனுப்பிய செலவு வந்துவிடுகிறது. ஒரு நாள் முழுக்கக் கேட்டால் 108 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது அன்றைய ஒதுக்கீட்டைப் போல் பதின்மூன்று மடங்கு. அத்தனை நேரத்தில் ஒரு பாக்கெட்கூட வராமல் போயிருக்கலாம். இதற்குத்தான் வெற்றுக் கேட்டல் என்று பெயர்.

நான்காவது வரியும் கவனிக்கத் தக்கது. "அனுப்பினால் செலவு, கணுவிலேயே சேமித்து வைப்போம்" என்பது பலருக்கு முதலில் தோன்றும் யோசனை. அந்தக் கருவியில் ஒருமுறை எழுதும் செலவில் நான்கு பாக்கெட் அனுப்பிவிடலாம்.

பின்னால் வந்த ரேடியோக்களில் நிலைமை இன்னும் விசித்திரமானது. பல்கலைக்கழகங்களில் வெகுவாகப் புழங்கிய டெலோஸ்-பி கணுவின் சிசி2420 ரேடியோ, முழுத் திறனில் அனுப்பும்போது 17.4 மில்லி ஆம்பியர் எடுக்கும், கேட்கும்போது 18.8. பேசுவதைவிடக் கேட்பதற்கு அதிகம். காற்றில் வரும் மெல்லிய குறிப்பலையைப் பெருக்கி, வடிகட்டி, பொருள் பிரித்தெடுக்கும் சுற்றுகள் முழுவதும் அப்போது ஓடிக்கொண்டிருப்பதே காரணம்.

இந்த ரேடியோவை 2500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் மாட்டுவோம். உறங்கும்போது கணு மொத்தமாக 5 மைக்ரோ ஆம்பியர் (ஆயிரம் மைக்ரோ சேர்ந்தால் ஒரு மில்லி) எடுக்கிறது என்று கொள்வோம்.

1. எப்போதும் விழித்திருந்தால்: ஐந்தரை நாள்.
2. விழிப்பு விகிதம் 1% என்றால்: ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு.
3. 0.1% என்றால்: காகிதத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு அருகில். நிஜத்தில் அல்கலைன் பேட்டரி அலமாரியில் சும்மா கிடந்தாலே பத்தாண்டுவாக்கில் அதன் காலம் முடிந்துவிடும். இந்தக் கட்டத்துக்குப் பிறகு ரேடியோவைச் சிக்கனப்படுத்திப் பயனில்லை.

ஒரே பேட்டரி, ஒரே சிப், ஒரே தகவல். மாறியது விழிப்பு விகிதம் மட்டும்.

## தூங்குகிறவரிடம் எப்படிப் பேசுவது?

அப்படியானால் ரேடியோவை அணைத்து வைக்க வேண்டியதுதானே? அனுப்புகிறவர் அணைத்து வைக்கலாம். எப்போது அனுப்புவோம் என்பது அவருக்குத் தெரியும். பெறுகிறவருக்குத் தெரியாது. ஒரு கணு தன் பக்கத்துக் கணுவின் தகவலைக் கடத்தித் தர வேண்டியிருந்தால், அது எந்நேரமும் காதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு வழிகள் வளர்ந்தன.

முதல் வழி, இடைவெளி விட்டுக் கேட்பது. பெறும் கணு, எடுத்துக்காட்டாக அரை நொடிக்கு ஒருமுறை, இரண்டரை மில்லிநொடி மட்டும் விழித்துக் காற்றில் ஏதாவது அலை இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் மறுபடி உறக்கம். விழிப்பு விகிதம் 0.5%. அனுப்பும் கணுவோ, எதிர்த்தரப்பு எப்போது விழிக்கும் என்று தெரியாததால், அரை நொடி முழுக்க ஓர் அறிவிப்பு அலையை ஒலித்துக்கொண்டே இருந்து, அதன் பிறகு பாக்கெட்டை அனுப்பும். 2004இல் வந்த பி-மேக் நெறிமுறையின் சாரம் இது.

செலவு இங்கே மறைந்துவிடவில்லை, பெறுகிறவரிடமிருந்து அனுப்புகிறவருக்கு இடம் மாறியிருக்கிறது. நான்கு மில்லிநொடியில் போக வேண்டிய பாக்கெட்டுக்கு அரை நொடி ரேடியோ ஓடுகிறது. மணிக்கு ஒரு பாக்கெட் என்றால் இது பொருட்டே அல்ல. மேலே சொன்ன பேட்டரி மூன்று ஆண்டுக்குச் சற்றுக் குறைவாக ஓடும். பத்து நொடிக்கு ஒரு பாக்கெட் என்றால் ஆயுள் மூன்றரை மாதமாகச் சுருங்கும். "எந்த நெறிமுறை சிறந்தது?" என்ற கேள்விக்கு விடை கிடைக்காததன் காரணம் இதுவே. எவ்வளவு அடிக்கடி அனுப்புகிறீர்கள் என்று தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

பின்னால் வந்தவர்கள் இதைச் செதுக்கினார்கள். எக்ஸ்-மேக் (2006) நீண்ட அலையைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றிலும் பெறுநரின் முகவரியை வைத்தது. உரியவர் விழித்ததும் "கேட்டுவிட்டேன், அனுப்பு" என்று இடைமறிக்கலாம். மற்றவர்கள் தமக்கில்லை என்று உடனே தூங்கப் போகலாம். ஆடம் டங்கல்ஸின் கன்டிகி-மேக் (2011) பாக்கெட்டையே திரும்பத் திரும்ப அனுப்பியது. அதோடு, பக்கத்துக் கணு எந்தத் தருணத்தில் விழிக்கிறது என்பதை நினைவில் வைத்து, அடுத்த முறை அதற்குக் கொஞ்சம் முன்னால் மட்டுமே தொடங்கியது.

இரண்டாவது வழி, நேரம் குறித்துக்கொள்வது. எல்லாக் கணுக்களும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்றி, இன்னார் இன்னாரிடம் இந்த நொடியில் பேசுவார் என்று அட்டவணை போட்டுவிட்டால் வெற்றுக் கேட்டல் ஏறக்குறைய ஒழிந்துவிடும். தொழிற்சாலைகளில் புழங்கும் வயர்லெஸ்-ஹார்ட், 2012இல் 802.15.4 தரத்தில் சேர்ந்த காலப்பிரிப்பு முறை ஆகியவை இந்த வகை.

இதன் பகை கடிகாரப் பிழை. கைக்கடிகாரங்களில் இருக்கும் 32.768 கிலோஹெர்ட்ஸ் படிகம்தான் கணுக்களிலும் நேரம் சொல்கிறது. பத்து லட்சத்தில் இருபது பங்கு பிழை அதற்கு இயல்பு. ஒன்று முந்தி, மற்றொன்று பிந்தினால் இருவருக்குமிடையே ஒரு மணி நேரத்தில் 144 மில்லிநொடி, ஒரு நாளில் மூன்றரை நொடி விலகல். அந்த விலகலுக்கு ஈடாக ரேடியோவை முன்கூட்டியே திறக்க வேண்டும், தாமதித்தே மூட வேண்டும். ஒழித்த வெற்றுக் கேட்டல் கொல்லைப்புறமாகத் திரும்பி வரும். வெயில் இதை மோசமாக்கும். இந்தப் படிகம் 25 டிகிரி வாக்கில் சரியாக ஓடும்படி வெட்டப்பட்டது. வெப்பம் ஏறினாலும் இறங்கினாலும் பிந்தும். வெயிலில் மூடிய பெட்டிக்குள் வெப்பம் 60 டிகிரியை எட்டினால் பத்து லட்சத்தில் இன்னும் நாற்பது பங்கு சேர்ந்துகொள்ளும். மரநிழலில் ஒரு கணுவும் மொட்டை வெயிலில் ஒரு கணுவும் இருக்கும் வயலில் இது ஏட்டுப் பிரச்சினை இல்லை. ஆகவே இடையிடையே நேரத்தைச் சரிபார்க்கும் பாக்கெட்டுகள் தேவை. அவற்றுக்கும் மின்சாரம் தேவை.

## கைமாற்றி அனுப்பினால் மிச்சமா?

பொறியியல் கல்லூரி இறுதியாண்டு ப்ராஜெக்ட்களில் தவறாமல் வரும் பெயர் லீச். எம்ஐடியில் வெண்டி ஹைன்ஸல்மன், சென்னையில் பிறந்த அனந்த சந்திரகாசன், சென்னை ஐஐடியில் படித்த ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் 2000இல் முன்வைத்த முறை அது. கணுக்கள் குழுக்களாகப் பிரியும். குழுவுக்கு ஒரு தலைவர். உறுப்பினர்கள் தலைவருக்கு அனுப்ப, தலைவர் சுருக்கித் தொலைவிலுள்ள நிலையத்துக்கு அனுப்புவார். தலைமை வேலை பேட்டரியைத் தின்னும் என்பதால் பதவி சுழன்றுகொண்டே இருக்கும்.

அந்தக் கட்டுரையின் ஆற்றல் கணக்கு எளிமையானது. ஒரு பிட்டை அனுப்பவோ பெறவோ சுற்றுகளுக்கு 50 நானோ ஜூல். காற்றில் தள்ள, தூரத்தின் வர்க்கத்தோடு பெருகும் ஒரு செலவு, மீட்டர் வர்க்கத்துக்கு 100 பிக்கோ ஜூல் (ஆயிரம் பிக்கோ ஒரு நானோ). இதை வைத்தே ஒரு பரவலான நம்பிக்கையைச் சோதிக்கலாம். "நீண்ட தாவலைவிடப் பல குட்டித் தாவல்கள் சிக்கனம்" என்பது அந்த நம்பிக்கை. தகவல் ஒரு கணுவிலிருந்து இன்னொன்றுக்குப் போவது ஒரு தாவல்.

1. 100 மீட்டர் தூரம்: நேராக அனுப்பிப் பெற பிட்டுக்கு 1100 நானோ ஜூல். நடுவில் ஒரு கணு வைத்து 50, 50 ஆகத் தாவினால் 700. மிச்சம்தான்.
2. 20 மீட்டர் தூரம்: நேராக 140. இரண்டாகப் பிரித்தால் 220. நட்டம்.

கிட்டத்தில் இருக்கும்போது தூரத்துக்கான செலவு குறைவு, சுற்றுகளுக்கான செலவு அதிகம். ஒவ்வொரு தாவலும் இன்னொரு முறை பெறுவதையும் அனுப்புவதையும் சேர்க்கிறது.

லீச் மீது வைக்கத்தக்க குறை வேறு. அதன் கணக்கில் பிட்டுகளை அனுப்பிப் பெறும் செலவுதான் முதன்மை; வெற்றுக் கேட்டலுக்கு அங்கே இடமில்லை. எல்லாக் கணுக்களும் தேவைப்பட்டால் நிலையத்தை நேரடியாக எட்டும் என்றும் அது கருதிக்கொள்கிறது. முன்னோடிக் கட்டுரைக்கு அந்த எளிமை நியாயமானதே. அதே எளிமையை அப்படியே எடுத்துக்கொண்டு, சிமுலேஷனில் பத்து விழுக்காடு, இருபது விழுக்காடு மேம்பாடு காட்டும் "மேம்படுத்தப்பட்ட லீச்" ஆய்வுகள் பெருகிக்கொண்டே போவதுதான் சலிப்பூட்டுகிறது. வயலில் நட்ட கணுவில் ரேடியோ ஓடும் நேரத்தை அளந்து காட்டாதவரை அந்த விழுக்காடுகளை நம்புவதற்கில்லை.

தாவல் முறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. பத்துக் கணுக்கள் வரிசையாக நின்று கேட்வேயை நோக்கிக் கடத்துகின்றன என்றால், கடைசிக் கணு ஒரு பாக்கெட் அனுப்பும்போது கேட்வேக்கு அருகிலுள்ள கணு ஒன்பதைப் பெற்றுப் பத்தை அனுப்புகிறது. அதன் பேட்டரி முதலில் தீரும். அது போனதும், பேட்டரி நிறைய மீதமிருந்தும் பின்னால் இருக்கும் ஒன்பதும் ஊமையாகும். வலையமைப்பின் ஆயுள் சராசரிக் கணுவின் ஆயுள் அல்ல என்பது இதனால்தான். ஜிக்பீ என்ற கம்பியில்லா வலை முறையில் இதற்குச் சுற்றிவளைக்காத தீர்வு வைத்திருக்கிறார்கள்: கடத்தும் வேலையைப் பொதுவாக மின்இணைப்பில் ஓடும் கருவிகளிடம் ஒப்படைத்துவிட்டு, பேட்டரிக் கணுக்களைத் தூங்க விடுவது.

நெடுந்தூரத்துக்கான லோரா என்ற ரேடியோ முறை இன்னும் ஒரு படி மேலே போய்த் தாவலையே நீக்கிவிட்டது. கணு நேராகச் சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கேட்வேக்குப் பேசும். இந்தியாவில் 865 மெகாஹெர்ட்ஸ் பட்டையில். லோராவின் மேல் ஓடும் லோராவேன் நெறிமுறையின் ஏ வகுப்புக் கணு, தான் அனுப்பிய பிறகு மட்டும் இரண்டு சிறு சாளரங்களில் காது கொடுக்கும், மற்ற நேரமெல்லாம் உறக்கம். விலை என்னவென்றால், அவசரமாக ஒரு கட்டளை அனுப்ப நினைத்தாலும் அந்தக் கணு அடுத்து வாய் திறக்கும்வரை கேட்வே காத்திருக்க வேண்டும். அளவீட்டுக்கு இது போதும். வால்வைத் திறந்து மூடும் கருவிக்கு ஒத்துவராமல் போகலாம்.

இங்கே கேட்வேயை எங்கே வைக்கிறோம் என்பதுதான் பேட்டரியைத் தீர்மானிக்கிறது. பரவல் காரணி என்பது லோராவின் வேகப் படி; எண் ஏற ஏற வேகம் குறைந்து எட்டும் தூரம் கூடும். அருகிலுள்ள கணு வேகமான பரவல் காரணி 7இல் பத்து பைட்டை 60 மில்லிநொடியில் அனுப்பிவிடும். குறிப்பலை எட்டாத கணு 12ஆம் படிக்குப் போனால் அதே பத்து பைட்டுக்கு ஏறக்குறைய ஒன்றரை நொடி. இருபத்துநான்கு மடங்கு. கேட்வேயின் ஆன்டெனாவைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவது, பல நேரம், கணுக்களில் செய்யும் எந்த மென்பொருள் வித்தையையும்விட அதிகம் மிச்சப்படுத்தும்.

## ரேடியோவுக்கு வெளியே உள்ள கசிவுகள்

ஈஎஸ்பி32 பலகை மூன்று வாரத்தில் அணைவதற்கு ரேடியோ காரணமாக இல்லாமலே போகலாம். ஆழ்உறக்கத்தில் அந்தச் சிப் எடுப்பது பத்து மைக்ரோ ஆம்பியர் அளவுதான். ஆனால் மலிவான பலகைகளில் மின்னழுத்தத்தைச் சீராக்க வைக்கும் ஏஎம்எஸ்1117, தன்னைத் தானே இயக்கிக்கொள்ள சுமார் 5 மில்லி ஆம்பியர் எடுக்கும். சிப் தூங்கினாலும் அது தூங்காது. 2500ஐ 5ஆல் வகுத்தால் 500 மணி, இருபத்தோரு நாள். யுஎஸ்பி சிப்பும் சிவப்பு விளக்கும் சேர்ந்தால் இன்னும் குறையும்.

வேறு கசிவுகள்:

1. சென்சார்: மண் ஈர சென்சாருக்கு அளக்கும் சில மில்லிநொடி மட்டும் டிரான்சிஸ்டர் வழியே மின்சாரம் கொடுத்தால் போதும். வாயு சென்சார்களின் கதை வேறு. எம்க்யூ வரிசை சென்சார்களுக்குள் ஒரு சூடேற்றி இருக்கிறது. அது முக்கால் வாட் அளவில் தின்னும், சூடாகி நிலைகொள்ளவும் நேரம் எடுக்கும். அங்கே ரேடியோவைச் சிக்கனப்படுத்துவது வீண்வேலை.
2. பேட்டரியின் வேதியியல்: பத்தாண்டு மீட்டர்களில் இருப்பது பெரும்பாலும் லித்தியம் தயோனைல் குளோரைடு. ஆண்டுக்கு 1% அளவே தானாகக் கசியும். அதற்குக் காரணம் உள்ளே லித்தியத்தின் மேல் படியும் ஒரு மெல்லிய படலம். அதே படலம், நீண்ட உறக்கத்துக்குப் பின் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்கும்போது மின்னழுத்தத்தைக் கீழே இழுத்துக் கணுவை மயக்கம் போட வைக்கும். கூடவே ஒரு கெபாசிட்டர் வைப்பது இதற்காகத்தான்.
3. அளவீடு: உறக்கத்தில் 5 மைக்ரோ ஆம்பியர், விழிப்பில் 100 மில்லி ஆம்பியர் என்றால் இருபதாயிரம் மடங்கு வித்தியாசம். சாதாரண மல்டிமீட்டரை மைக்ரோ ஆம்பியரில் வைத்தால், விழிக்கும் நொடியில் அதன் உள்தடையே மின்னழுத்தத்தைக் குறைத்துக் கணுவை ரீசெட் செய்துவிடும். உறக்க மின்னோட்டத்தை அளக்காமலே பலர் விட்டுவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

## மௌனத்தின் விலை

மதிப்பு மாறினால் மட்டும் அனுப்பு என்பது நல்ல விதி. ஆனால் கணுவிடமிருந்து ஒன்றும் வராதபோது, மாற்றமில்லையா, கணு செத்துவிட்டதா என்று தெரியாது. எனவே "உயிரோடிருக்கிறேன்" என்ற பாக்கெட் ஒன்றைக் குறித்த இடைவெளியில் அனுப்ப வேண்டும். அந்த இடைவெளி எவ்வளவு என்பது பேட்டரியைப் பொறுத்ததல்ல. எத்தனை மணி நேரம் தகவலின்றி இருந்தால் ஆபத்து என்பதைப் பொறுத்தது.

மூணாறு அந்தோனியார் காலனியின் சரிவில் அமிர்தா பல்கலைக்கழகத்தின் மனீஷா சுதீரும் குழுவினரும் நிலச்சரிவைக் கண்காணிக்க அமைத்த வலையில் இந்தக் கேள்வி கூர்மையாக வருகிறது. ஆழத் துளையிட்டு இறக்கிய குழாய்களில் மண்துளை நீரழுத்தம், சாய்வு, அதிர்வு ஆகியவற்றை அளக்கும் சென்சார்கள்; மழைமானி தனியே. ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் அளந்தால் கோடையில் பேட்டரி வீணாகும். ஆகவே எல்லை மதிப்புகள் வைத்து, மழையும் நீரழுத்தமும் ஏற ஏற அளக்கும் வேகத்தைக் கூட்டுகிறார்கள். எச்சரிக்கையும் மூன்று படிகளாக ஏறுகிறது.

இத்தகைய இடத்தில் பேட்டரிக் கணக்கின் சராசரி உதவாது. அடிக்கடி அளந்து அடிக்கடி அனுப்ப வேண்டியது தென்மேற்குப் பருவமழை கொட்டும் நாட்களில். சூரியத் தகட்டுக்கு வெளிச்சம் கிடைக்காததும் அதே நாட்களில். நனைந்த இலைகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உறிஞ்சுவதால் பாக்கெட்டுகள் தொலைந்து மறுபடி அனுப்ப வேண்டிவருவதும் அப்போதுதான். எனவே அந்தக் கணுவின் பேட்டரி அளவை ஓர் ஆண்டின் மொத்தச் செலவை வைத்து முடிவு செய்ய முடியாது. வெயிலே இல்லாத தொடர்மழை எத்தனை நாள் நீடிக்கலாம், அந்த நாட்களில் உச்ச வேகத்தில் அளந்தால் எவ்வளவு செலவாகும், இரண்டையும் பெருக்கித்தான் பேட்டரி வாங்க வேண்டும்.